கொழும்பின் ஈரக் காற்றில் சிறு போர் (bore) தோட்டாக்களைப் பேணும் முறை

தென்னந்தோட்டம் குருநாகலிலும் வீடு வெள்ளவத்தையிலுமாக இருக்கும் ஒருவர், குரும்பை கொறிக்கும் அணிலுக்காக அனுமதிப்பத்திரத்துடன் 20 போர் அல்லது .410 துவக்கு (போர் என்பது குழல் துளையின் அளவு) ஒன்றை வைத்திருந்தால், அவர் துவக்கைவிடத் தோட்டாக்களில்தான் அதிக கவனம் வைக்க வேண்டும். கடலுப்புக் கலந்த காற்றும் மழைக்கால ஈரமும் தோட்டாவின் பித்தளை அடியைத்தான் முதலில் பிடிக்கும்.

தோட்டாக்களை அவை வந்த அட்டைப் பெட்டியிலேயே விட்டு, ரப்பர் விளிம்புள்ள மூடி இறுகப் பொருந்தும் தகரப் பெட்டிக்குள் வைத்து, உடன் சிலிக்கா ஜெல் பைகளையும் இடுங்கள். நிறம் மாறும் வகை ஜெல்லை வாங்கினால் ஈரம் ஏறியதைக் கண்ணாலேயே அறியலாம். அதனைத் தோட்டாக்களிலிருந்து அப்புறப்படுத்தி, பையில் குறிப்பிட்டுள்ள முறைப்படி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். தோல் பட்டியில் செருகி வைப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும், ஏனெனில் தோல் பதனிடப் பயன்பட்ட அமிலங்கள் பித்தளையில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். துருவுக்கு அஞ்சித் தோட்டாவில் எண்ணெய் தெளிப்பது அதைவிடத் தவறு: எண்ணெய் கசிந்து அடியிலுள்ள கெப்பை (ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) செயலிழக்கச் செய்துவிடக்கூடும். துவக்கும் தோட்டாவும் வெவ்வேறு பூட்டுக்குள் இருக்கட்டும்.

புறப்படுமுன் ஒவ்வொரு தோட்டாவையும் வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். பச்சை படிந்த அடி, ஈரத்தில் உப்பிய கடதாசி உறை, தளர்ந்த வாய் மடிப்பு (தோட்டாவின் முன்முனையை மூடியிருக்கும் மடிப்பு), மேலெழுந்த கெப் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அதனை ஒதுக்கிவிட வேண்டும்.

அளவு பார்ப்பதில்தான் உயிராபத்து இருக்கிறது. .410 என்பது குழலின் துளை 0.410 அங்குலம், அதாவது ஏறத்தாழ 10.4 மில்லிமீற்றர் என்பதைக் குறிக்கும். 20 போர் என்பதோ, அத்துளைக்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் 20 சேர்ந்தால் ஓர் இறாத்தல் எடை என்பதாகும். .410 தோட்டா 2½ அங்குலத்திலும் 3 அங்குலத்திலும் கிடைக்கிறது. இந்நீளம் வெடித்து வாய் விரிந்த பின்புள்ள நீளமாகையால், 3 அங்குலத் தோட்டா 2½ அங்குல அறைக்குள் (குழலில் தோட்டா அமரும் பகுதிக்குள்) தடையின்றி நுழைந்துவிடும். ஆனால் வெடிக்கும்போது மடிப்பு முழுதாக விரிய இடமின்றி உள்ளழுத்தம் அபாயமாக உயரும். ஆகவே, குழலில் பொறித்துள்ள அறை நீளத்தையே நம்புங்கள், உள்ளே போகிறது என்பதை நம்பாதீர்கள். வீட்டில் 12 போரும் இருந்தால் இன்னும் கவனம் தேவை: 20 போர் தோட்டா அதன் குழலுக்குள் வழுக்கிச் சென்று முன்னே சிக்கிக்கொள்ள, அதை அறியாமல் பின்னால் 12 போர் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். 20 போர் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவது இதைத் தடுக்கத்தான்.

வெடிச்சத்தம் வழமையைவிடத் தணிந்து கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள். துவக்கைத் திறந்து தோட்டாக்களை அகற்றி, குழலின் ஊடாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். விசை இழுத்தும் வெடிக்காவிடில் துவக்கின் வாய்ப்பகுதியை ஆபத்தற்ற திசையில் பிடித்தபடி அரை நிமிடமாவது காத்திருந்த பின்னரே திறக்க வேண்டும். ஒதுக்கிய தோட்டாக்களைக் குப்பையில் போடாமல், அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் அல்லது பொலிஸ் நிலையத்தில் விசாரித்து ஒப்படையுங்கள்.