மக்காவுக்கு ஹாங்காங் டாலரே போதும்

ஹாங்காங்கிலிருந்து ஓரிரு நாள் மக்காவு போகிறவர்கள் பணம் மாற்றுவதற்காக வரிசையில் நிற்க வேண்டாம், கையில் இருக்கும் ஹாங்காங் டாலரையே நீட்டுங்கள், முட்டை டார்ட் கடையிலிருந்து டாக்ஸி வரை வாங்கிக்கொள்வார்கள். அந்த ஊர்ப் பணமான பட்டாக்காவின் மதிப்பு ஹாங்காங் டாலரோடு பிணைக்கப்பட்டது, 100 டாலருக்கு 103 பட்டாக்கா. கடைக்காரர் ஒன்றுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டாலும் நமக்கு நஷ்டம் 3 சதவீதத்துக்குள்தான். மீதியை டாலராகவே கேளுங்கள். பட்டாக்கா வந்தால் (பெரும்பாலும் அதுதான் வரும்) அங்கேயே செலவழித்துவிடுங்கள், ஹாங்காங் கடைகளில் வாங்க மாட்டார்கள். ஓட்டல் பில் மாதிரி பெரிய தொகைக்கு இது சரிவராது, மாற்றிக்கொள்வதே லாபம். அப்புறம் டவுன் பஸ்ஸில் மீதி கிடையாது, சில்லறை வைத்திருங்கள்.