பாட்டே இல்லாத ராக் ஆல்பத்தைக் கேட்பது எப்படி?

திரையிசையின் இடையிசையை ஊன்றி ரசிப்பவர்களுக்குக்கூட, பாடகரே இல்லாமல் 25 நிமிடம் நீளும் ராக் இசை முதலில் பிடிபடுவதில்லை. பல்லவி எப்போது வரும் என்று மனம் காத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். புரோகிரசிவ் ராக் (நீண்ட, சிக்கலான அமைப்புகொண்ட ராக் வகை) கிட்டார் இசைக்குள் நுழைய, ஆங்கில இசைக்கலைஞர் மைக் ஓல்ட்ஃபீல்டின் ‘டியூபுலர் பெல்ஸ்’ (1973) ஆல்பத்தையே நான் பரிந்துரைப்பேன். அதில் இரண்டே பகுதிகள். பெரும்பாலான கருவிகளை, ஒலிப்பதிவின்போது 19 வயதே ஆகியிருந்த அவரே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருக்கிறார்.

சென்னையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு இசை கேட்க முடியாது என்பதால், காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன் அவசியம்; நான் விரும்புவது வயர் உள்ளதை. செயலியில் ‘பாஸ் பூஸ்ட்’ (தாழ்ந்த ஒலிகளைக் கூட்டும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். அது மாண்டலின் போன்ற மெல்லிய ஒலிகளை அமுக்கிவிடும்.

முதல் பகுதியின் தொடக்கத்துப் பியானோவில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நம் கை பழக்கத்தில் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தைப் போடத் தொடங்கும். சிறிது நேரத்திலேயே இசை ஓரிடத்திலும் கை வேறிடத்திலும் நிற்கும். அந்தச் சுற்றில் இருப்பவை 15 எண்ணிக்கைகள். கைத்தாளத்தை விட்டுவிட்டுச் சொற்கட்டாகச் சொல்லிப் பாருங்கள்: ‘தகதிமி தகிட’ என்று 7, ‘தகதிமி தகஜொணு’ என்று 8. வாய்க்குள் விடாமல் சொல்லி வந்தால், சுற்று திரும்பும் இடத்தில் உங்கள் ‘த’வும் பியானோவின் முதல் ஸ்வரமும் சேர்ந்து விழும். நடுவில் தவறினாலும் பாட்டை நிறுத்த வேண்டாம், அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளலாம். அது கைவந்ததும் பியானோவை விட்டுவிட்டு, அடியில் நுழையும் பாஸ் கிட்டாரைப் பின்தொடருங்கள்.

இதுவும் கடினமாகத் தோன்றினால், முதல் பகுதியின் கடைசி எட்டு நிமிடங்களை முதலில் கேளுங்கள். ஒரே பாஸ் வரிசை திரும்பத் திரும்ப ஒலிக்க, ஆங்கிலப் பாடகர் விவியன் ஸ்டான்ஷால் ஒவ்வொரு கருவியின் பெயரையும் அறிவிக்கிறார். உடனே அந்தக் கருவி மெட்டை ஏற்றுக்கொள்கிறது. கருவிகளை இனம் காண இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அதில் ‘டபுள் ஸ்பீட் கிட்டார்’ என்று ஒன்று வரும். ஒலிப்பதிவு நாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு வாசித்துப் பதிந்து, பின் இயல்பான வேகத்தில் ஒலிக்கச் செய்தால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். அந்தக் கூர்மையான மினுமினுப்பு அப்படிப் பிறந்ததே. இறுதியில், ஆல்பத்துக்குப் பெயர் தந்த குழாய் மணிகள் முழங்கும்போது, அதுவரை சேர்ந்த அத்தனை கருவிகளும் அவற்றுக்கு அடியில் கேட்கின்றனவா என்று கவனியுங்கள்.

இரண்டாம் பகுதியை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அது பெரும்பாலும் அமைதியானது. டிரம்ஸும் உறுமல் குரலும் சேர்ந்து வரும் இடம் மட்டும் திடுக்கிட வைக்கும்.

பின்சேர்க்கை: அறிவிப்பாளர் பெயர் வேறாக இருக்கிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் கேட்டது, ஓல்ட்ஃபீல்டே 2003இல் புதிதாக வாசித்து வெளியிட்ட பதிப்பு. அதில் அறிவிப்பவர் ஆங்கில நகைச்சுவை நடிகர் ஜான் கிளீஸ். முதல் பகுதி சிறு சிறு தடங்களாகப் பிரிந்திருந்தால் அது 2003ஆம் ஆண்டுப் பதிப்பு. 1992இல் வந்த இரண்டாம் ‘டியூபுலர் பெல்ஸ்’ தனி ஆல்பம். அதைப் பிறகு கேட்கலாம்.