நாடக மேடைக்கு ஒரு காண்டீவம் செய்வது எப்படி?

பள்ளி நாடகத்தில் அர்ச்சுனன் வேடம் என்றால், மூங்கிலை வளைத்து ஜிகினாத் தாள் சுற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். காண்டீவத்துக்கு அது போதவே போதாது. காண்டவ வனம் எரிவதற்கு முன், அக்கினி கேட்டு வருணன் கொடுத்த வில் அது. அதன் தோற்றத்துக்கு விராட பருவத்தில் நல்ல குறிப்பு இருக்கிறது. வன்னி மரத்தில் மறைத்து வைத்த ஆயுதங்களைப் பார்த்த உத்தரன், "நூறு பொன் பொட்டுகள் பதித்த இந்த வில் யாருடையது?" என்று கேட்கிறான். அந்த நூறு பொட்டும் நம் வில்லில் இருக்க வேண்டும்.

தேவையானவை: முக்கால் அங்குல பிவிசி பைப் 5 அடி, உலர்ந்த மணல், ஹாட் ஏர் கன், உப்புத்தாள், எம்சீல், கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட், தங்க நிற அக்ரிலிக், எலாஸ்டிக் கயிறு.

1. தரையில் சாக்பீஸால் வில்லின் வடிவத்தை முழு அளவில் வரையுங்கள். நுனிகள் மட்டும் எதிர்ப்பக்கம் வளையட்டும்.

2. அடுத்து வளைப்பது. பலருடைய வில் கெடுவது இங்கேதான். வெறும் பைப்பைச் சூடாக்கி வளைத்தால் வளைவில் மடிந்து நசுங்கிவிடும். அதனால் உள்ளே மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு முனையையும் துணியால் அடையுங்கள். மணலில் துளி ஈரம்கூட இருக்கக் கூடாது. ஆவி கிளம்பி அடைப்பைத் தள்ளிவிடும். ஹாட் ஏர் கன்னை ஒரே இடத்தில் காட்டாமல், பைப்பைச் சுழற்றிக்கொண்டே ஒரு சாண் நீளத்துக்குச் சூடேற்றுங்கள். மணல் இருப்பதால் மெதுவாகத்தான் இளகும், பொறுமை வேண்டும். தானாகத் தொய்ய ஆரம்பித்ததும் கோட்டின் மேல் வைத்து வளைத்து, ஈரத் துணியால் ஒற்றி, இறுகும் வரை பிடியுங்கள். நுனிகளை முதலில் முடித்துவிட்டு நடுவுக்கு வாருங்கள். கையுறை கட்டாயம். கேஸ் அடுப்பில் வாட்டவே வாட்டாதீர்கள்: பிவிசி கருகினால் வரும் புகை நச்சு. ஹாட் ஏர் கன் என்றாலும் மொட்டை மாடிதான் சரியான இடம்.

3. மணலைக் கொட்டிவிட்டு, நாண் கட்ட நுனிகளில் துளை போடுங்கள். முனைகளை எம்சீலால் மூடி, கூராக வடியுங்கள்.

4. உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேயுங்கள், இல்லையென்றால் பெயிண்ட் உரியும். அப்புறம் கறுப்பு அடியுங்கள்.

5. இனி பொட்டுகள். கைப்பிடிக்கு 6 அங்குலம், நுனிகளுக்கு இரண்டிரண்டு அங்குலம் போனால் ஒவ்வொரு பக்கமும் 25 அங்குலம் மிஞ்சும். அங்குலத்துக்கு ஒன்றாக இரண்டு வரிசை வைத்தால் பக்கத்துக்கு 50, மொத்தம் சரியாக நூறு. க்ளூ கன்னால் சொட்டு சொட்டாக வைத்து, ஆறியதும் தங்க நிறம் பூசுங்கள். ஸ்டிக்கர் பொட்டு எனக்குப் பிடிக்காது. மேடை விளக்கில் தட்டையாகத் தெரியும்.

6. கைப்பிடியில் பருத்திக் கயிறு சுற்றுங்கள். அர்ச்சுனன் இரு கையாலும் எய்பவன், அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

7. நாணுக்கு எலாஸ்டிக்தான். நைலான் கயிற்றை இழுத்துக் கட்டினால் உண்மையிலேயே அம்பு பாயும், பிள்ளைகள் கையில் அது ஆபத்து.

பிற்சேர்க்கை: நாணை இழுத்ததும் வில் கையில் சுழல்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பைப் உருண்டையாக இருப்பதுதான் காரணம். மணலைக் கொட்டிய பிறகு கைப்பிடிப் பகுதியை மட்டும் மறுபடி இளக்கி, இரண்டு பலகைகளுக்கு நடுவே லேசாக அழுத்துங்கள். ஏற்கெனவே பெயிண்ட் அடித்துவிட்டவர்கள் கைப்பிடியின் இருபுறமும் ஒரு மரப்பட்டியை வைத்து, அதன் மேல் கயிற்றைச் சுற்றினால் போதும்.