பழைய ஃபைபர் படகா? முதலில் பின்சுவரைப் பாருங்கள்

1960, 70களில் அமெரிக்காவில் செய்த பாஸ்டன் வேலர் மாதிரியான ஃபைபர் கிளாஸ் படகு விலைக்கு வந்தால், எல்லோரும் பெயின்டையும் எஞ்சினையும் பார்ப்பார்கள். நான் நேரே பின்னால் போய்விடுவேன். எஞ்சின் தொங்கும் பின்சுவர்தான் டிரான்சம். இருபுறமும் ஃபைபர், நடுவில் பிளைவுட். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால், வெளியே பளபளப்பு குறையாமலே உள்ளே மரம் மக்கிவிடும். கடலில் ஓடிய படகைவிட, மூடாமல் மழையில் கிடந்த படகின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்புநீரைவிட நல்ல தண்ணீர்தான் தோது.

போல்ட்டுகளுக்குக் கீழே பழுப்புக் கறை வழிந்திருக்கிறதா, வாஷர் ஃபைபருக்குள் அமுங்கியிருக்கிறதா, மூலைகளில் விரிசல் உண்டா என்று பாருங்கள். அப்புறம் எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் அடிப்பகுதியை மெல்ல அமுக்கிவிடச் சொல்லுங்கள். உங்கள் கண் டிரான்சத்தின் மேல்விளிம்பில் இருக்கட்டும். அது வளைந்து கொடுத்தால் நிலைமை மோசம்.

அடுத்து, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மேலிருந்து கீழே வரிசையாகத் தட்டுங்கள். நல்ல இடம் 'டக்' என்று கணீரென ஒலிக்கும், கெட்ட இடம் 'தொப்' என்று மந்தமாக. அடிப்பகுதியை அவசரப்படாமல் தட்டுங்கள், தண்ணீர் அங்கேதான் தேங்கும். ஈரமானி இருந்தால் வைக்கலாம். ஆனால் மேற்பரப்பு ஈரமும் பக்கத்து உலோகமும் அதை ஏமாற்றிவிடும், அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

சந்தேகம் தீரவில்லையா? உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, படகின் உட்புறத்திலிருந்து, தாழ்வான இடத்தில், 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். வெளி ஃபைபரைத் துளைத்துவிடாமல் இருக்க டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வெள்ளைத் தூள் வரும், அது ஃபைபர். பிறகு வருவதை உள்ளங்கையில் பிடியுங்கள். வெளிர்நிறத்தில், உலர்ந்து, மரவாசனையோடு வந்தால் அந்த இடம் நல்லது. கறுத்து, விரலில் ஒட்டி, பிசைந்தால் சேறாகி, புளித்த வாடை அடித்தால் மரம் போய்விட்டது. ஒரே போல்ட் ஓட்டையைச் சுற்றி மட்டும் ஈரம் என்றால் சுரண்டி உலர்த்தி எபாக்சி என்ற கெட்டியாகும் பிசினை நிரப்பலாம். பல இடத்தில் இப்படி வந்தால் உள்மரம் முழுவதையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேசுங்கள்.

படகை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், நீங்கள் போட்ட துளையை எபாக்சியால் அடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.