பழைய ட்ரையாங் மோட்டார்: கரண்ட் கடைசியில்தான்

ஹட்டன் பக்கத்துத் தேயிலை ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ஒன்றில் எனக்கு எலக்ட்ரிக் வேலை. கொழுந்து வாட்டும் காற்றாடி மோட்டார்களுக்கு என் பாஸ் பழக்கிவிட்ட ஒழுங்கு ஒன்று உண்டு: "மொதல்ல மூக்கு, அப்புறம் கை, அப்புறம் மீட்டர். கரண்ட் கடைசிதான் தம்பி." கட்டைவிரல் அளவு பொம்மை ரயில் மோட்டாருக்கும் அதைத்தான் பாவிக்கிறேன்.

ஒரே ஒரு தடவை மீறினேன். பழைய பங்களா சாமானோடு வந்த, ட்ரையாங் என்ற பிராண்ட் பொம்மை ரயில் எஞ்சின் அது. ஆசை தாங்காமல் ஓட்டோ பெட்டரியிலிருந்து நேரே 12 வோல்ட் கொடுத்துவிட்டேன். உள்ளே எண்ணெய் இறுகித் தண்டு பிடித்திருந்தது. சுற்றாமல் நிற்கும் மோட்டார், ஓடும் மோட்டாரைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பெரிய பெட்டரியோ கேட்டதெல்லாம் கொடுக்கும். வயரைப் பிடுங்குவதற்குள் கொயில் கருகிவிட்டது. அந்த வாடை இன்னும் மனதில் இருக்கிறது.

இப்போது மேசையில் இருப்பது இன்னொன்று. இங்கிலாந்தின் மார்கேட் நகரில் செய்த ட்ரையாங் எக்ஸ் 04 மோட்டார். 12 வோல்ட் டீசீ, ஆர்மேச்சரில், அதாவது சுற்றும் பகுதியில், மூன்று கொயில். இது ஓடும் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம். நம்ம பதுளை லைன் 1676. கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கு!

மோட்டாரை எஞ்சின் சட்டத்திலிருந்து கழற்றி முகர்ந்து பாருங்கள். கருகல் வாடை இல்லையென்றால் தண்டை விரலால் உருட்டுங்கள். காந்தம் இழுப்பதால் விட்டுவிட்டுச் சுற்றும், அது சரி. தேனில் சுற்றுவதுபோல் இழுபட்டால் பழைய எண்ணெய் இறுகியிருக்கிறது. ஐசோபுரொபைல் ஆல்கஹோலால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு இரண்டு பேரிங்கிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தால் போதும். செப்புத் தகடுகள் இருக்கும் கொம்யுடேட்டரில் எண்ணெய் படவே கூடாது.

காந்தத்தை மட்டும் கழற்றாதீர்கள். இந்தப் பழைய காந்தங்கள் மோட்டாரின் சொந்த இரும்புச் சட்டத்தைவிட்டு வெளியே வந்தால் பலம் இழக்கும். பலம் இழந்த மோட்டார் வெறுமையாக ஓடும்போது அதிவேகமாக ஓடும், பெட்டி இழுக்கச் சொன்னால் சூடாகிச் சோர்ந்துவிடும்.

இனி, கொம்யுடேட்டரைத் தொட்டுக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ். இரண்டையும் ஒரே ஸ்பிரிங் கம்பியின் இரண்டு கால்கள் அமுக்கிப் பிடிக்கும். ஒரு காலில் மட்டும் மெல்லிய உறை ஒன்று இருக்கும். பார்க்க அற்பமான சாமான், ஆனால் அது கிழிந்திருந்தாலோ தொலைந்திருந்தாலோ ஸ்பிரிங் வழியே நேரே ஷோர்ட் ஆகும். நான் வயரின் பிளாஸ்டிக் தோலை உருவி, 5 மில்லிமீட்டர் வெட்டி மாட்டுவேன். கொம்யுடேட்டரின் மூன்று வெட்டுக்குள்ளும் அடைந்திருக்கும் கரியைப் பல்குத்தும் குச்சியால் எடுங்கள். எமரித் தாள் வேண்டாம், கோடு விழும்.

பிரஷ் இல்லாமலே மீட்டரை ஓம்ஸில் வைத்து, மூன்று தகடுகளையும் இரண்டிரண்டாக அளங்கள். மூன்று அளவும் ஒன்றாக வரவேண்டும். 10, 10, 10 வரவேண்டிய மோட்டாரில் 15, 15, 30 வந்தால் ஒரு கொயில் அறுந்திருக்கிறது. அநேகமாகத் தகட்டோடு சேரும் இடத்தில் ஈயம் கழன்றிருக்கும். அதைச் சூடு வைத்து ஒட்டலாம். ஒரு சோடி பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் கொயில் உள்ளே ஷோர்ட். தகட்டுக்கும் தண்டுக்கும் இடையில் மீட்டர் அசையவே கூடாது. ஆனி, ஆடி மழையில் அலுமாரிக்குள் கிடந்த மோட்டார் இந்த இடத்தில் கொஞ்சம் காட்டினால், இரண்டு நாள் அடுப்படிக்குக் கிட்ட வைத்துவிட்டுத் திரும்ப அளங்கள்.

பிறகுதான் கரண்ட். ஓட்டோ பெட்டரி வேண்டாம், பென்டோர்ச் பெட்டரிகள் போதும்: இரண்டு சேர்த்தால் 3 வோல்ட், நான்கு 6, எட்டு 12. வழியில் 12 வோல்ட் 21 வோட் சிக்னல் பல்ப் ஒன்றைத் தொடராக மாட்டுங்கள். மோட்டார் நல்லபடி ஓடினால் பல்ப் இருட்டாகவே இருக்கும். பல்ப் வெளிச்சம் காட்டினால் உடனே வயரை எடுங்கள், எங்கேயோ பிடிக்கிறது அல்லது ஷோர்ட்.

3 வோல்ட்டில் கிளம்பாவிட்டால் 6. விரலால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது, நிறுத்தும் இடத்தைப் பொறுத்துச் சண்டை பிடிக்கிறது என்றால் கொயிலைத் திரும்ப அளங்கள். சின்ன நீலப் பொறி பரவாயில்லை. மஞ்சளாக வட்டமாக எரிந்தால் கொம்யுடேட்டரை இன்னும் சுத்தம் செய்யவேண்டும். வயரை மாற்றிக் கொடுத்து மறுபக்கமும் ஓட்டுங்கள். மீட்டரை அம்பியரில் வைத்தால், 300 மில்லி அம்பியருக்குள் நின்றால் எனக்குத் திருப்தி. 500ஐத் தாண்டினால் எஞ்சினுக்குள் பூட்டமாட்டேன்.

பக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஓடிய பிறகு கொயிலைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. என்னுடையது 6 வோல்ட்டில் 240 மில்லி அம்பியரில் நின்றது. அதைத் திகதியோடு ஒரு துண்டில் எழுதி எஞ்சின் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். மழைக்காலம் முடிந்ததும் இதே 6 வோல்ட்டில் திரும்ப அளப்பேன்.