நூற்றுக்கணக்கான படங்களை ஒரே கிளிப்பாக எடிட்டிங்கில் கொண்டுவருவது எப்படி?

டைம்லாப்ஸுக்காக (இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டிக் காட்டும் வீடியோ) எடுத்த 480 போட்டோவையும் அள்ளி எடிட்டிங் சாஃப்ட்வேரின் டைம்லைனில் போட்டால், 40 நிமிட ஸ்லைடு ஷோவாக நீண்டுகொண்டே போகும். சாஃப்ட்வேர் மேல் தப்பில்லை. ஒவ்வொன்றையும் தனிப் படம் என்று எடுத்துக்கொண்டு, பிரீமியர் ப்ரோவிலும் டாவின்சி ரிசால்விலும் வழக்கமாக இருக்கும் 5 வினாடியை ஒவ்வொரு படத்துக்கும் கொடுத்துவிட்டது. நமக்கு வேண்டியதோ ஒரு படத்துக்கு ஒரு ஃபிரேம். வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால் மொத்தமே 20 வினாடி. இப்படி வரிசை எண் போட்ட படங்களை ஒரே கிளிப்பாக எடுத்துக்கொள்வதுதான் இமேஜ் சீக்வென்ஸ்.

1. முதலில் பெயர்கள்

பாதிப் பிரச்சினை இங்கேதான் வருகிறது, அதனால் அவசரப்பட வேண்டாம். ஒரு ஃபோல்டரில் ஒரு சீக்வென்ஸ் மட்டும் இருக்கட்டும். ஷாட்_0001, ஷாட்_0002 என்று முன்னால் பூஜ்ஜியம் வைத்து எண் போடுங்கள், இல்லாவிட்டால் சில இடங்களில் 1-க்கு அடுத்து 10, 100 எல்லாம் வந்த பிறகுதான் 2 வரும். நடுவில் மங்கலான ஒரு படத்தை அழித்திருந்தால் அந்த எண்ணில் ஓட்டை விழும், ரிசால்வ் அங்கேயே சீக்வென்ஸை இரண்டு கிளிப்பாக உடைத்துவிடும். கேமராவின் எண் 9999-ஐத் தொட்டதும் மறுபடி 0001-இலிருந்து தொடங்குவதும் இதே வம்புதான். படங்களை எடுத்த நேரப்படி வரிசைப்படுத்தி, மொத்தமாகப் பெயர் மாற்றிவிடுங்கள். மேக்கில் ஃபைண்டரின் 'நேம் அண்ட் கவுண்டர்' பூஜ்ஜியத்தோடு எண் போட்டுவிடும். விண்டோஸில் எஃப்2 அழுத்தி மாற்றினால் பூஜ்ஜியம் வராது, அதற்கு இர்ஃபான்வியூவின் பேட்ச் ரீநேம் கைகொடுக்கும்.

2. உள்ளே கொண்டுவருவது

பிரீமியரில் இம்போர்ட் விண்டோவைத் திறந்து முதல் படத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, 'இமேஜ் சீக்வென்ஸ்' பெட்டியை டிக் செய்யுங்கள். மேக்கில் அந்தப் பெட்டி 'ஆப்ஷன்ஸ்' பட்டனுக்குள் ஒளிந்திருக்கும். ரிசால்வில் மீடியா பேஜுக்குப் போய், மூன்று புள்ளி மெனுவில் 'ஃபிரேம் டிஸ்ப்ளே மோட்' என்பதை 'சீக்வென்ஸ்' ஆக்குங்கள். தனித்தனிப் போட்டோக்களைக் கேட்டும் ரிசால்வ் ஒரே கிளிப்பாக ஒட்டித் தருகிறதா? அதே இடத்தில் 'இண்டிவிஜுவல்' என்று மாற்றினால் சரி.

3. வேகம்

போட்டோக்களுக்கென்று ஃபிரேம் ரேட் எதுவும் கிடையாது, சாஃப்ட்வேர் தன் செட்டிங்கில் உள்ளதை வைத்துக்கொள்ளும். அதனால் கிளிப்பை டைம்லைனில் வைப்பதற்கு முன்பே, பிரீமியரில் 'இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்', ரிசால்வில் 'கிளிப் ஆட்ரிபியூட்ஸ்' போய் 24, 25, 30 என்று டைம்லைனுக்கு ஒத்துப்போகும் எண்ணைக் கொடுங்கள். வெட்டி ஒட்டிய பிறகு மாற்றினால் நீளமெல்லாம் குழம்பும். ஸ்டாப் மோஷன் (பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுப்பது) என்றால் 12 போதும், 24 டைம்லைனில் ஒவ்வொரு படமும் இரண்டு ஃபிரேம் நிற்கும்.

4. அளவு

6000×4000 போட்டோவை 1920×1080 டைம்லைனில் வைத்தால் மூன்று மடங்கு வரை ஜூம் செய்ய இடம் இருக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் அதில் 480 படத்தை ஓடவிட்டால் பிளேபேக் திணறும். ப்ராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் சிறிய அளவு நகல், போடுங்கள். ஜூமே தேவையில்லை என்றால் படங்களை முன்கூட்டியே சிறிதாக்கிவிடுவது என் விருப்பம். 3:2 போட்டோ 16:9 திரைக்குள் வரும்போது மேலும் கீழும் வெட்டுப்படும், அதையும் மனதில் வையுங்கள்.

வீடியோவிலிருந்து ஒரு ஸ்டில் வேண்டுமா?

பிரீமியரில் ப்ரோக்ராம் மானிட்டருக்குக் கீழே உள்ள கேமரா பட்டனை அழுத்தினால் போதும். ரிசால்வில் கலர் பேஜில் ரைட் கிளிக், 'கிராப் ஸ்டில்', அப்புறம் கேலரியிலிருந்து எக்ஸ்போர்ட். ஓடும் காட்சியில் அசைவால் ஃபிரேம் கலங்கியிருக்கும், அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்ந்து தெளிவானதைப் பிடியுங்கள். சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தால் அது இன்டர்லேஸ் வீடியோ (ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் பதிவானது), டீஇன்டர்லேஸ் செய்து வரிகளைச் சேர்த்துவிட்டு எடுங்கள்.

சீக்வென்ஸாகவே வெளியே எடுக்க

அனிமேஷன் ரெண்டருக்கு நான் சொல்வது இதைத்தான். 700-வது ஃபிரேமில் கணினி நின்றுபோனால் எம்பி4 பெரும்பாலும் திறக்கவே திறக்காது, சீக்வென்ஸ் என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பின்னணி டிரான்ஸ்பரண்டாக வேண்டுமென்றால் பிஎன்ஜி எடுங்கள், ஜேபெக்கில் அது முடியாது. படங்களுக்குள் ஒலி போகாது என்பதால் ஆடியோவைத் தனியாக வேவ் ஃபைலாக எடுத்து அதே ஃபோல்டர் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.