அகமதாபாத்தா, கல்கத்தாவா? ஃபைனான்ஸுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

எம்பிஏ நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதி, இன்டர்வியூவும் முடிந்து, ஐஐஎம் அகமதாபாத், ஐஐஎம் கல்கத்தா இரண்டிலும் இடம் கிடைத்துவிட்டது, ஃபைனான்ஸ்தான் என்பதும் முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பலர் உடனே சராசரிச் சம்பளத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். தப்பு அங்கேயே ஆரம்பிக்கிறது. அந்தச் சராசரியில் கன்சல்டிங் போனவர், சோப்பு கம்பெனி மார்க்கெட்டிங்குக்குப் போனவர் எல்லாரும் இருக்கிறார்கள். சரி, பிளேஸ்மென்ட் அறிக்கையில் பிஎஃப்எஸ்ஐ (வங்கி, நிதிச் சேவை, இன்சூரன்ஸ்) என்ற வரிசையை மட்டும் பார்க்கலாம் என்றால், அந்த ஒரே தலைப்புக்குள் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கும் இருக்கும், இன்சூரன்ஸ் விற்பனையும் இருக்கும். எந்த வங்கி, எந்த வேலைக்கு, எத்தனை பேரை எடுத்தது? இதை சீனியர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது, 'கல்கத்தாதான் ஃபைனான்ஸ் கேம்பஸ்' என்ற பேச்சை அப்படியே நம்புவது. பெயர் சும்மா வரவில்லை. இரண்டும் 1961-இல் தொடங்கியவை. அகமதாபாத்துக்கு ஹார்வர்ட் துணை நின்றதால் அங்கே கேஸ் முறை (நிஜ நிறுவனப் பிரச்சினைகளைப் படித்து வகுப்பில் விவாதிப்பது), கல்கத்தாவுக்கு எம்ஐடி துணை நின்றதால் கணக்கில் பிடிப்பு அதிகம். ஆனால் ஃபைனான்ஸ் எலெக்டிவ்கள் (விருப்பப் பாடங்கள்) பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் வரும். கோடை இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்கும் சம்மர்ஸ் பிளேஸ்மென்ட்டோ, நீங்கள் ஜூனில் சேர்ந்த சில மாதங்களிலேயே முடிந்துவிடும், நல்ல பிபிஓ-க்களும் (படிப்பு முடியும் முன்பே கிடைக்கும் வேலை வாய்ப்புகள், PPO) அந்த இன்டர்ன்ஷிப்பில் இருந்துதான் வருகின்றன. அந்த நேரத்தில் வங்கிக்காரர் கையில் இருப்பது உங்கள் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மார்க், வேலை அனுபவம், சிஏ அல்லது சிஎஃப்ஏ மாதிரி நிதித் துறைத் தகுதி ஏதாவது இருந்தால் அது, அவ்வளவுதான். எலெக்டிவ் பட்டியலைப் பார்த்து கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

அதனால் டாப்பரிடம் போய்க் கேட்காதீர்கள். பன்னிரண்டாவதில் உங்கள் அளவு மார்க், உங்களைப் போன்ற டிகிரி, உங்களைப் போன்ற வேலை அனுபவம் உள்ள ஒருவரை இரண்டு கேம்பஸிலும் தேடிப் பிடித்து, எத்தனை வங்கிகளுக்கு விண்ணப்பித்தார், எத்தனையில் ஷார்ட்லிஸ்ட் வந்தது என்று கேளுங்கள். அந்த அரைமணி நேரப் பேச்சு எந்த ரேங்கிங்கும் சொல்லாததைச் சொல்லும்.

கட்டண வித்தியாசத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்; இரண்டுமே 20 லட்சத்தைத் தாண்டும், கடன் எப்படியும் பெரிய கடன்தான். அப்புறம், வகுப்பு நடக்கும் விதத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. அகமதாபாத்தின் கேஸ் முறையில், இரவு கேஸ் படித்துவிட்டுக் காலையில் கூட்டத்துக்கு நடுவே கை தூக்கிப் பேச வேண்டும், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. அமைதியாக உட்கார்ந்து கணக்குப் போட்டால்தான் புரியும் என்கிற ஆளாக இருந்தால், பணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன்னாலேயே இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.